வீட்டுக்கு வைத்த துணி

கைவினைப் பொருள் கண்காட்சி ஒன்றில், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எம்பிராய்டரி போட்ட செல்போன் உறையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு உடன் வந்த தோழி சொன்னது எனக்குள் வெகுநாள் கிடந்தது. "செத்தவங்களுக்குப் போர்த்துற துணியில போடுற பூ இது. இதைப் போய் செல்போன் உறையில போட்டு விக்கிறாங்களே, எல்லாத்தையும் காசாக்கிட்டாங்க" என்றாள். அவள் குரலில் வருத்தம்தான் இருந்தது. மலைவாழ் மக்கள்மீது உண்மையான பிரியம் உள்ளவள், அவர்களுக்காகப் பல இடங்களில் பேசியவள். அதனாலேயே அந்தப் பேச்சை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. பக்கத்தில் தொங்கிய பதாகையோ நேர் எதிராகப் பேசியது. பழங்குடியினப் பெண்கள் தொழில்முனைவோர் ஆகிவிட்டார்கள், வருமானம் பெருகிவிட்டது, வாழ்வு மலர்ந்துவிட்டது என்று. ஒருவர் புனிதம் போயிற்று என்கிறார், இன்னொருவர் வறுமை போயிற்று என்கிறார். ஊசியைப் பிடித்திருக்கும் பெண் இந்த இரண்டு பேச்சிலும் எங்கே இருக்கிறாள் என்று வீடு திரும்பும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

தோழிக்குத் தோடர் பெண் மாறாமல் இருக்க வேண்டும். பதாகைக்கு அவள் மாறிவிட்டதாகக் காட்ட வேண்டும். எதை மாற்றலாம், எதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று அவளே ஒரு முடிவில் இருக்கக்கூடும் என்ற எண்ணம் இரண்டு பக்கமும் இல்லை. பழங்குடிப் பெண்களின் கலையும் தொழிலும் வழிபாடும் காலனியம் விட்டுச்சென்ற காயத்தை ஆற்றும் என்று இப்போது கருத்தரங்குகளிலும் கட்டுரைகளிலும் நிறையப் பேசுகிறோம். நானும் அதை நம்புகிறவள். ஆனால் எப்படி ஆற்றும் என்ற கேள்விக்கு எனக்குக் கொஞ்சமாவது வெளிச்சம் கிடைத்தது ஊட்டிக்கு அப்பால் ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், ஒரு பெண் என் கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் விட்டபோதுதான்.

பார்த்துத் தீராத கண்கள்

காயம் என்று சொல்வதென்றால் அது எங்கே பட்டது என்று முதலில் சொல்ல வேண்டும். 1819 தொடக்கத்தில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். சில ஆண்டுகளுக்குள் தோடர்களிடமிருந்து நிலம் வாங்கிக் கல் பங்களா எழுப்பினார். இந்த நிலம் தோடர்களுடையது, அரசு இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்று மேலிடத்தோடு வாதாடியவரும் அதே சல்லிவன்தான் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவருக்குப் பின் வந்தவர்களிடம் அந்த உறுத்தல் பெரிதாக இருக்கவில்லை. எருமைகள் மேய்ந்த புல்வெளி நிர்வாகத்தின் பார்வையில் வெறும் தரிசு. அதில் ஏரி வந்தது, 1848இல் தாவரவியல் பூங்கா வந்தது, தேயிலையும் உருளைக்கிழங்கும் வந்தன, கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) காடுகாடாக நடப்பட்டன. இன்றும் ஊட்டி பூங்காவுக்குப் போகிறவர்கள் அதன் மேட்டில் ஒரு தோடர் மந்து இருப்பதைப் பார்க்கலாம். பூங்காவுக்குள் மந்து இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. மந்தைச் சுற்றித்தான் பூங்கா எழும்பியது.

நிலத்தோடு சேர்ந்து இன்னொன்றும் பறிபோனது. தாங்கள் யார் என்று தாங்களே சொல்லும் உரிமை. தோடர்கள் அளவுக்குப் பார்க்கப்பட்ட மக்கள் தமிழகத்தில் வேறு இல்லை என்றே நினைக்கிறேன். இஸ்ரேலின் தொலைந்துபோன குலம் என்று ஒருவர் எழுதினார், ரோமர் வழிவந்தவர்கள் என்று இன்னொருவர், சுமேரியர் என்று பிற்காலத்தில் ஒருவர். யாருடைய வம்சமாகவும் இருக்கலாம், இந்த மலையின் மக்களாக மட்டும் இருக்கக்கூடாது என்பதுபோல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு வந்து தலையையும் மூக்கையும் அளந்தார். கேமராக்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. பெரியவரின் பாதத்தைத் தன் நெற்றியில் வைத்து வணங்கும் தோடர் பெண்ணின் வணக்கமுறை எத்தனையோ புகைப்படங்களாகிக் கடல் கடந்து போயிற்று. 1901–02இல் கேம்பிரிட்ஜிலிருந்து டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் வந்தார். மற்றவர்களைவிடப் பொறுமையாகக் கேட்டவர், மரியாதையோடு எழுதியவர். குடும்பம் குடும்பமாக வம்சாவளி எழுதி எடுத்தார். இறந்த உறவினரின் பெயரைச் சொல்வது தோடர்களிடம் விலக்கு. ஆகவே ஒரு குடும்பத்து முன்னோரின் பெயர்களை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கினார். 1906இல் வந்த அவருடைய நூல் 700 பக்கங்களைத் தாண்டியது. மானுடவியல் படிக்கும் மாணவர்கள் அந்த வம்சாவளி முறையை இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். எனக்கோ அந்த ஒரு விவரத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. சொல்லக்கூடாத பெயரை, சொல்லத் தடையில்லாத அடுத்த வீட்டில் போய்க் கேட்டு வாங்கியது.

அன்று தோடர்கள் சுமார் 800 பேர். அடுத்த 50 ஆண்டுகளில் நோயும் குழந்தைச் சாவுமாக அந்த எண்ணிக்கை 500ஐ ஒட்டிச் சரிந்தது. 1950களில் இங்கிலாந்தில் செவிலியர் பயிற்சி பெற்றுத் திரும்பிய தோடர் பெண் ஈவாம் பில்ஜைன் மருந்து வண்டியோடு மந்து மந்தாகப் போனார். குணமாக்குதல் என்ற சொல்லை எடுத்தாலே எனக்கு முதலில் அவர் நினைவுதான் வரும். இன்று அவர்கள் 2,000 பேர் அளவில் இருக்கிறார்கள்.

எண்ணித் தைப்பது

துணிக்கு வருகிறேன். தோடர்கள் நெய்வதில்லை. வெள்ளைப் பருத்தித் துணி சமவெளித் தறிகளிலிருந்து வருகிறது, அதில் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளுக்கு இடைப்பட்ட இடத்தில், சிவப்பு, கறுப்புக் கம்பளி நூலால் பெண்கள் தைக்கிறார்கள். பெண்கள் மட்டும். சட்டம் கட்டுவதில்லை, பென்சிலால் வரைந்துகொள்வதில்லை, மாதிரித் தாள் கிடையாது. பாவு நூலையும் ஊடு நூலையும் கண்ணால் எண்ணி எண்ணித்தான் ஊசி போகிறது. ஓர் இழை தப்பினால் வரிசையே கோணிவிடும், ஆகவே அங்கேயே பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்க வேண்டும். தைத்து முடித்த துணியைப் பார்த்தால் அதைத் தறியிலேயே நெய்துவிட்டார்கள் என்று சத்தியம் செய்வோம். வெள்ளைக்காரர்களிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போர்த்தலாம். நூல் மேடாக எழும்பித் தெரியும் பக்கத்தைத் தடவிப் பார்த்தால், இது கையின் வேலை என்பது விரலுக்கே புரியும்.

எருமைக் கொம்பு, சூரியன், விளிம்பில் வரிசையாக முயல் காது. மலையில் அவர்கள் தினமும் கண்டதெல்லாம் கோடுகளாகவும் முக்கோணங்களாகவும் மாறியிருக்கும். முழுப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். திருவிழாவில் ஆண்களும் பெண்களும் அதைப் போர்த்துகிறார்கள். கர்ப்பிணிக்கு மரத்தடியில் கணவன் வில்லும் அம்பும் கொடுத்து, பிறக்கப்போகும் குழந்தைக்குத் தந்தை என்று ஊரறியச் சொல்லும் சடங்கிலும் அது இருக்கிறது. கடைசியில் உடலைச் சுற்றுவதும் அதுதான். உயிர் மேற்கே முக்குருத்தி மலையைத் தாண்டி முன்னோர் உலகத்துக்குப் போகிறது என்பது நம்பிக்கை. இங்கிருந்து அந்தப் பயணத்துக்குக் கிளம்பும் உடலின்மேல் கடைசியாக இருப்பது ஒரு பெண் எண்ணித் தைத்த பூ. தோழி சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

"அது வீட்டுக்கு"

மலையில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் ஒருவரோடு அந்த மந்துக்குப் போயிருந்தேன். மந்தின் பெயர் வேண்டாம். மதிய வெயிலில் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பைகள். ஒன்றிலிருந்து எடுத்து எடுத்துக் காட்டினார். மேசை விரிப்பு, தோள்பை, சால்வை, தோழி பார்த்த மாதிரியே ஓர் உறை. சிலவற்றில் நீலமும் பச்சையும் இருந்தன. கேட்டேன். "அவங்க நீலம் கேட்டாங்க, போட்டுக் குடுக்குறோம். ஆர்டருக்கு எந்தக் கலர் கேட்டாலும் போடுவோம். உங்க ஊர்ல இந்தப் பச்சை போகுமா?" என்று என்னிடமே விசாரித்தார். ஒவ்வொரு பூவுக்கும் பெயர் சொன்னார், எத்தனை இழை விட்டு எத்தனை இழை எடுக்க வேண்டும் என்று ஊசி முனையால் எண்ணிக் காட்டினார், என் கையில் கொடுத்து ஒரு தையல் போடச் சொன்னார். வியாபாரம் தெரிந்தவர். எந்தக் கடை காசை இழுத்தடிக்கிறது, எந்தப் பொருள் சீக்கிரம் விற்கிறது, ஒரு சால்வைக்கு எத்தனை வாரம் ஆகிறது, அதே நேரத்தில் எத்தனை சின்ன உறைகள் தைத்துவிடலாம் என்ற கணக்கெல்லாம் விரல் நுனியில் இருந்தது.

இரண்டாவது பையிலிருந்து ஒரு துணியின் விளிம்பு வெளியே தெரிந்தது. சிவப்பும் கறுப்பும் மட்டும், மற்றவற்றைவிட நெருக்கமான தையல். இதென்னக்கா விலை என்று கேட்டேன். "அது ஆர்டர் இல்ல. அது வீட்டுக்கு" என்றார். யாருக்கு என்று கேட்டேன். சிரித்தார். "வீட்டுக்குத்தான்." அதிலிருந்த பூவுக்குப் பெயர் என்ன என்று கேட்டதற்கு, "அதுவும் பூதான்" என்று சொல்லிக்கொண்டே விளிம்பைப் பைக்குள் தள்ளிவிட்டு, டீ குடிக்கிறீங்களா என்று எழுந்து உள்ளே போனார். கோபம் இல்லை, ஒளிக்கும் பதற்றம் இல்லை. வீட்டுக்குள் ஒரு கதவைச் சாத்திவிட்டு வாசலில் நம்மோடு நிம்மதியாகப் பேசுகிறவரைப் போல இருந்தார். டீ வந்தது, பேச்சு பிள்ளைகளின் காலேஜ் பீஸுக்குப் போயிற்று. கூட வந்தவர் திரும்பும் வழியில் சொன்னார்: "அதுக்கு மேல கேக்க மாட்டோம்ங்க. இத்தனை வருஷமா நானும் கேட்டதில்ல."

அந்தப் பை என்னைப் பல நாள் பிடித்து வைத்திருந்தது. ஒரே கை, ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கை. ஒரு பையில் இருப்பது எவர் கேட்டாலும் கிடைக்கும், நிறம் மாற்றிக் கொடுப்பார், பெயர் சொல்லுவார், கற்றுக்கூடத் தருவார். இன்னொரு பையில் இருப்பதற்கு விலையும் இல்லை, விளக்கமும் இல்லை. விற்றதால் புனிதம் கெட்டது என்று தோழி நினைத்தாள். விற்பதற்கென்று ஒரு பை இருப்பதால்தான் மற்றதை அந்த அக்காவால் தொடாமல் வைத்துக்கொள்ள முடிகிறதோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. வருமானம் இல்லாத வீட்டில் பழைய பூத்துக்குளியும் ஒருநாள் ஏதோவொரு சேகரிப்பாளரின் கைக்குத்தான் போகும். உலகின் பல மூலைகளில் பழங்குடி மக்களின் புனிதப் பொருள்கள் அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்ததில் பல, பட்டினிக் காலத்தில் நடந்த கதை.

ரிவர்ஸ் தன் நூலின் முன்பகுதியிலேயே ஒரு விஷயத்தைப் பதிவு செய்திருக்கிறார். அவருக்குத் தகவல் சொன்ன தோடர்கள் சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்தன. குறி கேட்டபோது, அந்நியனிடம் ரகசியங்களைச் சொன்னதால் தெய்வங்களுக்குக் கோபம் என்று வந்தது. அதற்குப் பிறகு பேச ஆட்கள் தயங்கினார்கள். இதை அவர் மறைக்காமல் எழுதியது அவருடைய நேர்மை. ஆனால் அந்தத் தகவல்கள் எல்லாம் நூலில் இருக்கின்றன. சொன்னவர்களின் பயமும் அதே நூலில் இருக்கிறது. இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் அந்தப் பக்கங்களைப் புரட்டலாம்.

அதே ரிவர்ஸ் அடிப்படையில் ஒரு மருத்துவர். முதல் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில், போர்க்களத்தில் மனம் உடைந்து வந்த அதிகாரிகளுக்கு சிகிச்சை அளித்துப் பெயர் பெற்றார். மனத்துக்குள் புதைத்து வைத்த கொடூரங்களை அடக்காமல் வெளியே சொல்லிவிடுவதுதான் ஆறுவதற்கு வழி என்பது அவர் வாதம். 1917இல் இதைப் பற்றி உரையாற்றினார், 1918இல் அது அச்சிலும் வந்தது. அந்த வீரர்களுக்கு அது சரியாகவே இருந்திருக்கும். அவர்களைப் பேசாதே, ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சொல்லித்தான் போருக்கு அனுப்பியிருந்தார்கள். தோடர்களின் நிலை தலைகீழ். நூறாண்டுகளாக அவர்களைப் பேசச் சொல்லியே வந்திருக்கிறோம். தலையைக் காட்டு, வணக்கத்தைக் காட்டு, கோயிலைக் காட்டு, செத்தவர் பெயரைச் சொல். வாயைத் திறக்கவைத்தே காயப்படுத்தியவர்களுக்கு, வேண்டும்போது வாயை மூடிக்கொள்ள முடிவதே ஓர் ஆறுதல். "வீட்டுக்குத்தான்" என்று அந்த அக்கா சொன்ன தொனியில் இருந்த தெம்பு அதுதான் என்று நினைக்கிறேன். அவருடைய கொள்ளுப்பாட்டி காலத்தில், கேள்வியோடு வந்தவருக்குப் பின்னால் கலெக்டர் ஆபீஸ் நின்றது. இன்று கேள்வியோடு வந்த எனக்கு முன்னால் அவர் ஒரு விற்பனையாளராக உட்கார்ந்திருந்தார். எதைக் காட்டுவது என்று அவர்தான் முடிவு செய்தார்.

பெயருக்கு வேலி

இதைச் சொல்லும்போது சந்தையை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிடக்கூடாது. 2013 மார்ச்சில் தோடர் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடா நலவாழ்வு சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, அரசின் பூம்புகார் நிறுவனம் மூன்றும் சேர்ந்து பெற்றது அந்த உரிமை. 1999இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, உரிமையாளராகப் பதிவாவது ஒன்று, அந்தப் பெயரைப் பயன்படுத்த அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளராக ஒவ்வொருவரும் பதிவாவது இன்னொன்று. மந்தில் உட்கார்ந்து தைக்கும் பெண்ணுக்கு இரண்டாவதுதான் முக்கியம், அதற்கான விண்ணப்பமும் அலைச்சலும் அவருக்குத்தான் கடினம். மேலும் இந்தக் குறியீடு காப்பது பெயரை. மெஷினில் அதே சிவப்பு கறுப்பு முக்கோணங்களை அடித்து, தோடர் என்ற பெயரைச் சொல்லாமல் 'மலை டிசைன்' என்று ஒருவர் விற்றால் சட்டம் அவ்வளவு எளிதாக அவர் கையைப் பிடிக்காது. ஊட்டிக் கடைவீதியில் சால்வை வாங்குகிறவர்கள் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கையால் எண்ணித் தைத்ததற்கு இரண்டு பக்கமும் முகம் உண்டு. மெஷின் வேலையின் பின்பக்கம் தொங்கும் நூலே காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய ஆர்டர்கள் இன்னொரு தொல்லை. நகரத்து நிறுவனங்கள் தீபாவளிப் பரிசுக்கென்று ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் கேட்கும்போது, எருமையும் பிள்ளையும் சமையலும் போக மிச்ச நேரத்தில் தைக்கும் பெண்களால் கொடுக்க முடிவதில்லை. 'இவங்களுக்கு பிசினஸ் வராது' என்று ஒரு வாங்குபவர் என் காதுபடச் சொன்னார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சாவு விழுந்தால் மந்தே ஊசியை வைத்துவிட்டுப் போகும், போகத்தான் வேண்டும். அந்தச் சாவுக்கு வேண்டிய துணிதான் இந்தக் கலையின் ஊற்று. அதை விட்டுவிட்டுத் தேதிக்குச் சரக்கு அனுப்பச் சொல்லும் தொழில்முனைவு யாரையும் குணப்படுத்தாது. நல்ல வாங்குபவர் காத்திருக்கக் கற்றவர், முன்பணம் கொடுப்பவர், இந்த இரண்டையும் செய்கிற கடைகள் மலையிலேயே சில இருக்கின்றன.

வேறொரு கண்டத்தில் இதே சிக்கல் நீதிமன்றம்வரை போயிற்று. ஆஸ்திரேலியாவின் யோல்ங்கு இனத்து ஓவியர் மரிக்கா, தன் குலத்தின் புனித நீர்நிலையைப் பற்றிய ஓவியம் ஒன்றைச் செய்திருந்தார். மறைந்தவரின் முதற்பெயரைச் சொல்வதை அவர் மக்கள் தவிர்ப்பார்கள், நானும் தவிர்க்கிறேன். அந்த ஓவியத்தை அவரிடம் கேட்காமலே வியட்நாமில் கம்பளமாக நெய்து ஆஸ்திரேலியாவில் விற்றது ஒரு நிறுவனம். காலால் மிதிக்கும் கம்பளம். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதன் வலியை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சித்திரத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு தன் குலத்தின் முன் அவருடையது, அது தெருவுக்கு வந்ததற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். 1994இல் தீர்ப்பு மரிக்காவுக்கும் அவருடன் வழக்காடிய மற்ற ஓவியர்களுக்கும் சாதகமாக வந்தது. பண நட்டத்தோடு பண்பாட்டுக் காயத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. மரிக்கா ஓவியம் விற்றே வாழ்ந்தவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். விற்பனையை அவர் எதிர்க்கவில்லை. எதை, யாருக்கு, எந்த வடிவில் என்று தீர்மானிப்பதற்கு ஆள் தான்தான் என்று நின்றார்.

கோயிலுக்கு வெளியே

தோடர் வழிபாட்டின் மையம் எருமைப்பால். பால் கடையும் இடமே கோயில், கறப்பவரே பூசாரி. அங்கே பெண்களுக்கு இடமில்லை. எருமை கறப்பதோ, கோயில் பாலைத் தொடுவதோ பெண்கள் வேலை அல்ல, கோயிலுக்கு அருகே போகும் வழியில்கூட அவர்களுக்கு எல்லை உண்டு. எருமைகளை வெளிக்கொணர்ந்து மக்களையும் மலையையும் வகுத்த தெய்வம் தெய்கிர்ஷி ஒரு பெண். ஆனாலும் கோயில்களுக்குள் பெண்கள் போவதில்லை. பழங்குடிப் பெண்களின் ஆன்மிகம் என்று நாம் கட்டுரை எழுதும்போது இந்த மாதிரி விஷயங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறோம். முன்காலத்தில் பெண்சிசுக் கொலை இருந்ததையும் விட்டுவிடுகிறோம். காலனியத்துக்கு முன் எல்லாம் ஒளிமயமாக இருந்தது என்று சொல்வதும் அவர்களை மனிதர்களாகப் பார்க்காத இன்னொரு வகைதான்.

அந்த அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது, என் ஊகமாகவே வைக்கிறேன். பால் ஆண்களின் கையில் இருக்கிறது, நூல் பெண்களின் கையில். ஆண் பூசாரிக்குக் கோயில், விரதம், விதி எல்லாம் உண்டு. பெண்ணுக்குக் கோயில் இல்லாததால் வாசல் வெயிலில் உட்கார்ந்து செய்கிறாள், அதனால் அதை நாம் கைவேலை என்று மட்டும் பார்க்கிறோம். ஆனால் எந்தத் தோடரும், பூசாரியே ஆனாலும், ஒரு பெண்ணின் தையல் இல்லாமல் இந்த உலகத்தை விட்டுப் போவதில்லை. எருமைகள் குறைந்து, பால் சடங்குகள் நடக்கும் கோயில்களும் குறைந்துவரும் காலத்தில், தையல் மட்டும் பெருகியிருக்கிறது. இளம்பெண்கள் கற்றுக்கொள்கிறார்கள், காசு வருவதால் கற்றுக்கொள்கிறார்கள். கற்ற கை வீட்டுத் துணியையும் தைக்கும். சந்தை தன்னையறியாமல் செய்த நன்மை இது.

புல்

இவ்வளவு சொன்ன பிறகும், ஊசியால் மட்டும் ஆறாத ஒன்று மிச்சம் இருக்கிறது. தோடர் வழிபாட்டில் மலைகளுக்கும் சுனைகளுக்கும் மந்துகளுக்கும் தனிப் புனிதப் பெயர்கள் உண்டு. அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்வதே பிரார்த்தனை. அந்தச் சுனையின்மேல் இன்று சீகைக் காடு நிற்கிறது, அந்தச் சரிவு அணைக்கட்டுத் தண்ணீருக்குள் கிடக்கிறது. வெள்ளைக்காரன் போன பிறகும் இது நிற்கவில்லை. குந்தா மின்திட்டத்தின் அணைகளும், விஸ்கோஸ் என்ற செயற்கை இழை செய்யும் ஆலைக்கான கூழ்மரத் தோட்டங்களும் சுதந்திர இந்தியாவின் வேலை. கோயில் கூரை வேய ஒருவகைச் சதுப்புநிலப் புல் வேண்டும். எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி என்று தாவரவியலார் அழைக்கும் அது நீலகிரியின் மேட்டுச் சதுப்புகளின் புல். சதுப்பில் கற்பூர மரத்தை நட்டால் தண்ணீரை உறிஞ்சிச் சதுப்பையே காயவைத்துவிடும், புல்லும் அதோடு போய்விடும். பிறகு கூரைக்கு வேறு புல், அதுவும் கிடைக்காத இடத்தில் தகரம்.

2022இல் தமிழக அரசு அந்நிய ஊடுருவல் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. நீலகிரியில் சீகையை எடுக்கும் வேலையும் நடக்கிறது. மனதார வரவேற்கிறேன். வெட்டிய இடத்தில் எந்தப் புல் திரும்ப வர வேண்டும், எந்தச் சதுப்பு முதலில், எருமை எங்கே மேய வேண்டும் என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். அவற்றுக்கு விடை தெரிந்தவர்கள் அந்த மந்துகளில் இருக்கிறார்கள். ஊட்டியில் எந்த அரசு விழா நடந்தாலும், எந்தத் தலைவர் வந்தாலும் தோடர் பெண்கள் அழைக்கப்படுகிறார்கள், பூத்துக்குளியைப் போர்த்துகிறார்கள், படம் எடுத்தபின் மேடையின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் கூட்டம் தொடங்குகிறது. சீகை எடுத்த சரிவுகளைப் பற்றிய கூட்டம் அடுத்து எப்போது நடந்தாலும், சால்வை போர்த்தியவர்களுக்கும் மேசையைச் சுற்றி நாற்காலி போட்டு, பேசிய நேரத்துக்குக் கூலியும் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும். சொல்ல விரும்பாததை யாரும் திரும்பக் கேட்கக் கூடாது.